எழுபது பவுண்டு காற்று

வேதசிரோமணி செய்தது திருட்டுத்தனம்தான். அறுபத்தெட்டு வயசில், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷர் செய்கிற காரியமா அது? ஆனால் என்ன செய்வார் பாவம், வீட்டில் பேச ஆள் இல்லை.

மனைவி புஷ்பம் இறந்து இரண்டு வருஷம். மகன் ஜோஷ்வா கனடாவில். ஷாமியானா வாடகைத் தொழிலை மூடியபின் மிச்சமிருந்தது அந்த பிக்கப் வண்டி ஒன்றுதான். “வித்துடுங்கப்பா” என்று மகனே அங்கிருந்து போனில் விளம்பரம் போட்டான். அன்றிலிருந்து கோவிலம்பாக்கம் வீட்டுக்கு ஞாயிறுதோறும் யாராவது வந்தார்கள். டீ குடித்தார்கள். இவரையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு மேடவாக்கம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று இவர் கேட்க, அவர்கள் சொல்ல, ஒரு மணி நேரம் ஓடிவிடும். வண்டி விற்றுவிட்டால் அதுவும் போச்சு.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பங்க்குக்குப் போய்ப் பின் சக்கரங்களில் எழுபது பவுண்டு காற்று அடித்துவிடுவார். முழு லோடு ஏற்றினால் அது சரி. காலி வண்டியிலோ, சின்னப் பள்ளத்துக்கே தூக்கித் தூக்கிப் போடும். வந்தவர்கள், “ஸ்பிரிங் பட்டை போயிடுச்சு சார்” என்று தாங்களே தீர்ப்புச் சொல்லி நடையைக் கட்டுவார்கள். ஏழு பேர் அப்படிப் போனார்கள்!

எட்டாவதாக வந்தவன் குப்புராஜ், கோவளத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறவன். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து, காற்று அளக்கும் தன் சொந்த மீட்டரை டயரில் வைத்துப் பார்த்தான்.

“இன்னா சார், எழுவது கீது? காலி வண்டிக்கு எவன் சார் இவ்ளோ காத்து அட்ச்சான்?”

“பங்க்ல... தெரியாம...” என்று இழுத்தார் பெரியவர்.

குப்புராஜ் வால்வை அமுக்கினான். உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு சக்கரத்திலும் நாற்பதுக்கு இறக்கியபின், மீட்டரைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வேகத்தடைமேல் வண்டி பூப்போல ஏறி இறங்கியது. சண்டாள வண்டி, அன்றைக்கென்று ஒரு முனகல்கூட இல்லை.

“பசங்க எத்தனை பேருப்பா உனக்கு?”

“ரெண்டு சார்.” அவ்வளவுதான் பேச்சு. அவன் காதெல்லாம் வண்டிச் சத்தத்தில் இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். “நேரா போவுது சார். முட்ச்சிக்கலாம்.”

திரும்பி வந்து, போனிலேயே பணத்தைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

“டீ போடறேன், குடிச்சிட்டுப் போயேன்.”

“லேட்டாயிட்ச்சு சார்.”

“லோடுக்கு எவ்வளவு காத்து வைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தா விவரமா சொல்றேன்.”

“பதினஞ்சு வருசமா லோடுதான் சார் ஓட்டிக்கினு கீறேன்!” சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

தெருமுனையில் ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. அப்போதுதான் சுவர்மேல் மறந்து வைத்த மீட்டர் வேதசிரோமணி கண்ணில் பட்டது. ஒரு குரல் கொடுத்தால் அவனுக்குக் கேட்கும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. வண்டி திரும்பி மறையும்வரை அப்படியே நின்றார். பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அவனுக்கும் தனக்குமாக எடுத்துவைத்திருந்த இரண்டு டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.