ஈயக் குண்டு வைத்த அங்கி

இயேசுவே தேவன் என்பதை ஐயத்துக்கு இடமின்றி உலகத்துக்கு நிரூபிப்பதற்காகவே வக்கீல் இந்தப் பூமியில் பிறந்திருந்தார். இதைச் சொன்னவரும் வக்கீல்தான். உலகத்தில் அவர் மனைவியும் அடக்கம் என்பதுதான் சிக்கல்.

வக்கீல் தன் திருச்சபையில் மூப்பர். கோர்ட்டில் ஜெயித்ததைவிட அவர் பிரசங்க மேடையில் ஜெயித்தது அதிகம். அங்கே எதிர்த்தரப்பு கிடையாது. இயேசுவின் தேவத்துவத்துக்கு அவரிடம் ஏழு சான்றுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் ஓரடி பின்னால் வைப்பார். சான்று ஜனங்களுக்குள் இறங்க இடம் விடுகிறாராம்.

மனைவி தையல்கடை வைத்திருந்தார். ஞானஸ்நானம் எடுப்பவர்களுக்கான வெள்ளை அங்கிகள் எல்லாம் அவர் கைவேலைதான். தண்ணீரில் இறங்கும்போது அங்கி குடை மாதிரி விரிந்து மேலே மிதக்காமலிருக்க, கீழ் மடிப்புக்குள் மீன் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பார். சபையில் பாதிப் பேர் அவர் தைத்த அங்கியில் முழுகி எழுந்தவர்கள். அவர் மட்டும் இன்னும் கரையில் நின்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஞானஸ்நானம். உன் பேரையும் பாஸ்டர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றார் வக்கீல். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பிரசங்கம் அவருடையது.

"எதை நம்பிச் சொல்லுவீங்க?"

"ஏழு சான்றையும் கேட்டுட்டியே."

"கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆயிடுச்சு. தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பேன்."

"அப்புறம் என்ன தடை?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்னங்க, நீங்க அவரைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கேன். அவர்கிட்ட பேசிக் கேட்டதே இல்லை."

"தினமும் ஜெபம் பண்றேனே."

"அது ஜெபமா? மனு. மாட்சிமை தங்கியன்னு ஆரம்பிச்சு தாழ்மையுடன் கோருகிறேன்னு முடிக்கிறீங்க. சீல் ஒண்ணுதான் குத்தலை. அவர்தான் கடவுள்னு வாயாரச் சொல்ல எனக்கும் ஆசைதாங்க. அதுக்காகப் பொய் சொல்லிட்டுத் தண்ணியில இறங்க முடியாது. இத்தனை வருஷமா நீங்க வாதாடறீங்க, உங்க கட்சிக்காரரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாளைக்கு ஒரு முடிவு சொல்றேன். இல்லைன்னு சொன்னா, இனிமே கேக்காதீங்க."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியாதபோது கோர்ட்டில் செய்வதையே இங்கும் செய்தார், பேச்சை மாற்றினார். "நாளைக்கு பாஸ்டரோட நானும் தொட்டியில இறங்குறேன். என் அங்கியில ஈயத்தைக் கொஞ்சம் தாராளமாவே வை. நடந்து வரும்போது ஒரு கம்பீரம் தெரியணும்."

மனைவி தாராளமாகவே வைத்தார்.

மறுநாள் மதியம் இருவரும் முன்னதாகவே சபைக்குப் போனார்கள். ஞானஸ்நானத் தொட்டி மேடைக்கு அடியில் இருந்தது. வக்கீல் மூடியிருந்த பலகைகளைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார், குழாயைத் திறந்துவிட்டார், அங்கியை மாட்டிக்கொண்டு மேடை முன்விளிம்பில் நின்று ஒத்திகையை ஆரம்பித்தார். மனைவி கடைசி வரிசையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்காவது இவளை அசைத்துவிட வேண்டும் என்று வக்கீல் காலி நாற்காலிகளைப் பார்த்து முழங்கினார். ஒரு சான்று, ஓரடி. இன்னொரு சான்று, இன்னும் ஓரடி.

"ஆறாவதாக, காற்றும் கடலும் அவர் சொல்லுக்கு அடங்கின" என்று சொல்லி ஓரடி பின்னால் வைத்தார். அங்கே மேடை இல்லை.

மல்லாக்க விழுந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. கம்பீரத்துக்காக வைத்த ஈயமெல்லாம் சேர்ந்து அங்கியைக் காலோடு சுற்றிக் கட்டிப்போட்டது. அந்த நேரத்தில் ஏழு சான்றில் ஒன்றுகூட ஆஜராகவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சொன்னால், தேவனை இப்படியா அழைப்பது என்று அவரே கண்டிக்கிற ஒரு சொல்தான் வந்தது.

"இயேசப்பா, என்னைப் பிடிச்சுக்கோங்க."

கடைசி வரிசையிலிருந்தும் அதே நொடியில் அதே பெயரை ஒரு குரல் கூப்பிட்டது.

மனைவி ஓடிவந்து, தொட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து அங்கியின் காலரைப் பிடித்து இழுத்தார். தான் தைத்த காலர், கிழியாது என்று தெரியும். இருவரும் விளிம்பில் உட்கார்ந்தார்கள். வக்கீல் இருமினார்; இருமல் நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை.

"என்னையா கூப்பிட்டே?"

"இல்லைங்க. அவரைத்தான்."

"நீயா?"

"நான்தான். யோசிக்கவே இல்லை. நல்ல மனுஷர், பெரிய போதகர்னு மட்டும் நினைச்சிருந்தா அந்த நேரத்துல அவர் பேரா வாயில வரும்? பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டிருப்பேன். உயிர் போகுதுன்னா கடவுளைத்தாங்க கூப்பிடுவோம். அவர் யாருன்னு எனக்கு உள்ளுக்குள்ள எப்பவோ தெரிஞ்சிருக்கு. வாய்க்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது." முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "உங்க வாய்க்கும்தான்."

வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. "ஏழாவது சான்று பாக்கி இருக்கு" என்றார் மெதுவாக.

"இருக்கட்டும். அங்கியைக் கழட்டிக் கொடுங்க."

"எதுக்கு?"

"நீளத்தைக் குறைக்கணும். ஊருக்கெல்லாம் தைச்சேன், எனக்குன்னு ஒண்ணு தைக்கலையே."

அன்று மாலை பிரசங்கத்துக்கு எழுந்த வக்கீல், "நன்றி, இயேசப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது முன்னுரை என்று நினைத்துச் சபை கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு பாஸ்டர் தொட்டியில் நின்று, இயேசுவை யாரென்று விசுவாசிக்கிறாய் என்று தையல்கார அம்மாவைக் கேட்டார். "என் கடவுள்" என்றார் அவர். வக்கீல் சாதாரணச் சட்டையோடு தண்ணீரில் நின்று மனைவியின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். அழுதது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம்.

அதன் பிறகு அவருடைய ஜெபங்கள் சுருங்கிவிட்டன. பெரும்பாலும் நன்றி மட்டும்தான். ஆழத்திலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தார் என்று சபைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் மனைவி தலையை ஆட்டுவார், திருத்தமாட்டார்.

அவர் விழுந்தபோது தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.