பிள்ளைக்கு எண்டு சொன்ன லொறி

மன்னார்ப் பள்ளிமுனையில் கடலுக்குள் எஞ்சின் நின்றுபோனால் மாதாவைக் கூப்பிடுவார்கள். கரைக்கு வந்து சேர்ந்தால் லோறன்ஸைக் கூப்பிடுவார்கள். படகு எஞ்சின் திருத்துவதில் அவனை விட்டால் அந்தக் கரையில் வேறு ஆள் இல்லை. நாற்பது வயது, கை முழுக்கக் கிறீஸ், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்த பேச்சு. அப்படிப்பட்ட மனிதனுக்கு, சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடத்தில், ஓர் ஆசை வந்தது பாருங்கள். குடி ஆசை என்றாலும் ஊருக்கு விளங்கும், சூதாட்ட ஆசை என்றாலும் விளங்கும். இவனுக்கு வந்தது விளையாட்டு லொறி ஆசை.

அதை மூட்டிவிட்டவன் கண்ணிவெடி அகற்ற வந்த ஒரு வெள்ளைக்காரன். படகு எஞ்சினைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம், ஜீப்பிலிருந்து ஒரு முழ நீள லொறியை இறக்கி மணலில் ஓடவிட்டான். கையில் ஒரு றிமோட், அவ்வளவுதான். லொறி மணலை வாரி இறைத்துக்கொண்டு பறந்தது, வள்ளத்துக் கயிற்றில் தட்டிக் கவிழ்ந்தது. வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே மேல்மூடியைக் கழற்றிக் காட்டினான். ஒவ்வொரு சில்லுக்கும் தனிச் சுருள்வில், குட்டிக் குட்டிப் பெயாரிங், பல்சில்லு. உடைந்தால் உடைந்த துண்டை மட்டும் வாங்கிப் போடலாமாம். திருவிழாக் கடையில் வாங்கி அடுத்த நாள் குப்பையில் எறிகிற சாமான் இல்லை இது. பிறகு றிமோட்டை லோறன்ஸின் கையில் கொடுத்தான். லோறன்ஸ் விசையை மெல்ல அழுத்தினான். அதோடு மனிதன் சரி, விழுந்துவிட்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பெற்றிசியாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம்தான் முக்கியமாகச் சொல்ல முடியாது. கலியாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. மடு மாதா தொடக்கம் தலவில அன்னம்மாள் வரைக்கும் அவள் வைக்காத நேர்த்தி இல்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்குள் விளையாட்டுச் சாமானை எந்த முகத்தோடு கொண்டுபோவது? அந்தப் பேச்சையே அந்த வீட்டில் எவரும் எடுப்பதில்லை.

பெற்றிசியாவின் தம்பி எட்வேட்டுக்கு டோஹாவில் வேலை. லீவில் வரப்போகிறேன், உங்களுக்கு என்ன வேணும் அத்தான் என்று அவன் கேட்டபோது லோறன்ஸ் மென்று விழுங்கி விசயத்தைச் சொல்லிவிட்டான். ஆருக்கு என்று எட்வேட் அப்போது கேட்கவில்லை. வாற ஞாயிறு கடைக்குள் நின்று எடுக்கிறன், நீங்களே சொல்லுங்கோ என்றான். அந்த ஞாயிறு பெற்றிசியா கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். லோறன்ஸ் தனியாக, வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற அன்ரோனெற்றின் கொமினிகேசன் கடைக்குப் போய், போன் இருக்கிற கண்ணாடிக் கூட்டுக்குள் நின்றான். அந்தக் கூட்டின் கதவு ஒருநாளும் சரியாகப் பூட்டாது. வெளியே வாங்கில் தங்கள் கோலுக்காகக் காத்திருந்தவர்களில் றோசம்மாவும் ஒருத்தி. ஊரில் யாருக்கு என்ன வருத்தம், யார் வீட்டில் என்ன சண்டை என்று பங்குச் சுவாமிக்கு முன்னமே அறிகிற மனுசி.

"அத்தான், கடைக்குள்ளதான் நிக்கிறன். இஞ்ச ஒரு மலையாளிப் பெடியன் கேக்கிறான், எஞ்சின் பூட்டினதோ பற்றறியோ எண்டு."

எஞ்சின் என்ற சொல்லைக் கேட்டதும் லோறன்ஸுக்கு வாயூறிப்போயிற்று. "எஞ்சின், எஞ்சின்" என்று கத்தினான். லைன் இரைந்துகொண்டிருந்தது, கத்தத்தான் வேண்டியிருந்தது.

"அதுக்கு வேற எண்ணெயாம். பெற்றோலும் சரிவராதாம், மண்ணெண்ணெயும் சரிவராதாம். மன்னாரில எடுக்கலாமோ?"

மண்ணெண்ணெய்க்கே போத்தலோடு வரிசையில் நின்ற ஊர். "அப்ப பற்றறி" என்றான் லோறன்ஸ் மனமில்லாமல்.

"ரெண்டு சில்லு இழுக்கிறதோ, நாலும் இழுக்கிறதோ?"

"நாலும். இஞ்ச மணல் எல்லோ."

"நாங்களே பூட்டுறதோ, பூட்டி வாறதோ?"

"பூட்டினது. ஆனா முழுசாக் கழட்டலாமோ எண்டு கேள். சாமான் தனித்தனியா எடுக்கலாமோ எண்டும் கேள்."

வாங்கில் பேச்சு நின்றுவிட்டதை லோறன்ஸ் கவனிக்கவில்லை. டோஹாவில் எட்வேட் யாருடனோ பேசுவது கேட்டது.

"முதல்முதல் ஓட்டுற ஆளெண்டா வேகம் குறைஞ்சது நல்லதாம் அத்தான். வேகமானது கையில நிக்காதாம், உடைச்சுப் போடுவினமாம். ஓட்டுற ஆளுக்கு எத்தினை வயசு எண்டு கேக்கிறான்."

லோறன்ஸ் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாங்கில் இருந்த அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்.

"பிள்ளைக்கு எண்டு சொல்லு" என்றான்.

"எந்தப் பிள்ளைக்கு?"

"எங்கட பிள்ளைக்குத்தான் எண்டு சொல்லு."

அந்தப் பக்கம் எட்வேட்டின் குரல் உடைந்து வந்தது. "அத்தான், உண்மையோ? அக்காவுக்கு... என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

இல்லையடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி. வெளியே றோசம்மா சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் மேசையில் இருந்து எழும்பியே விட்டாள். "பிறகு கதைக்கிறன்" என்று றிசீவரை வைத்தான். காசை நீட்டினால், "இண்டைக்கு வேண்டாம் அண்ணை, நல்ல செய்தி கேட்ட நாள்" என்று அன்ரோனெற் கையைத் தள்ளிவிட்டாள்.

இதிலே பெரிய வெட்கக்கேடு என்ன தெரியுமா? கொமினிகேசனில் இருந்து வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் நடப்பதுபோல நடந்தான். அதை நினைக்கிற நேரமெல்லாம் பிறகு அவனுக்கு உடம்பு கூசியது.

செய்தி காதோடு காதாக ஓடியது. புதன்கிழமை நவநாளுக்குப் போன பெற்றிசியா, ஒரு பை நிறைய மாங்காயோடு திரும்பி வந்தாள். பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். முக்காட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சாருங்கோ, எட்வேட்டிட்ட என்ன சொன்னனீங்கள்?"

லோறன்ஸ் கையிலிருந்த, எஞ்சின் கழற்றுகிற சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"றோசம்மாக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா. மாதா கண் திறந்திட்டா எண்டு. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. நானும் அழுதிட்டன். நான் சந்தோசத்தில அழுறன் எண்டு எல்லாரும் நினைச்சிட்டினம்."

பூமி பிளந்து உள்ளே இழுத்தால் நல்லது என்று இருந்தது அவனுக்கு. அவள் கோபப்படுவாள் என்று பார்த்தான். அவளோ எழும்பி வந்து, கிறீஸ் கையென்றும் பாராமல் அவன் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவு ஆசையோ உங்களுக்கு? பிள்ளை இல்லாட்டி என்ன, நாங்கள் ரெண்டு பேரும் போதும் எண்டுதானே எப்பவும் சொல்லுவியள். உள்ளுக்க இவ்வளவத்தை வைச்சுக்கொண்டோ இருந்தனீங்கள்? இல்லாத பிள்ளைக்கு லொறி வாங்கிற அளவுக்கு?"

பேசாமல் இருந்தால் போதும், இதுவும் கடந்துவிடும். அவள் அவனுக்காக அழுவாள், அவனைத் தேற்றுவாள். பிள்ளைப்பாசம் மிகுந்த மனிதன் என்ற பெயரும் கிடைத்துவிடும். லோறன்ஸ் ஒரு கணம் அதற்கும் ஆசைப்பட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பதினொரு வருடமும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்ட முகம் அது. அதன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்க அவனால் முடியவில்லை.

"பிள்ளைக்கு இல்லை" என்றான். "எனக்கு. அந்த லொறி எனக்குத்தான். நான் ஓட்டத்தான். வெக்கத்தில வாய் தடுமாறிப்போச்சு."

பெற்றிசியா கையை விட்டாள். முக்காட்டைக் கழற்றி மடித்தாள்.

"என்னட்டச் சொன்னது மட்டும் காணாது" என்றாள். "நான் படலை படலையாப் போய் வயித்தில ஒண்டும் இல்லை எண்டு சொல்ல ஏலாது. நீங்கள்தான் சொல்லவேணும். ஊர் பாக்கச் சொல்லவேணும்."

சொன்னானா? எங்கே சொன்னான். கரையில் மீன் வாடியில் தோளில் தட்டினார்கள், பல்லைக் காட்டினான். மீன் விற்கிறவர்கள் நல்ல பாரையாகப் பார்த்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், வாங்கிக்கொண்டு வந்தான். பெற்றிசியா அந்த மீனைச் சட்டியில் போடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. நாள் போகப்போக அவனுக்கு வாய் இன்னும் இறுகிப்போயிற்று.

எட்வேட் அடுத்த கிழமை சனிக்கிழமை வந்து இறங்கினான். பெட்டியும் கையுமாகப் படலையைத் திறக்கும்போதே அவனுக்கு வாய் நிறையச் சிரிப்பு. "தள்ளாடிச் சோதினையில பெட்டியை அவிட்டுப் பாத்தவங்கள் அக்கா. றிமோட்டைக் கண்டிட்டு ஆமிக்காரன் முறைச்சான். பபாட்ட எண்டு சிங்களத்தில சொன்னன், பேபிக்கு எண்டு. சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்." ஊருக்குத்தான் தெரியும் என்றிருந்தால், தள்ளாடி முகாமுக்கும் தெரிந்துவிட்டது. மானம் கப்பலேறிற்று.

"எட்வேட்" என்றாள் பெற்றிசியா. "பிள்ளை ஒண்டும் இல்லை. லொறி அத்தானுக்கு."

எட்வேட் அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். சூட்கேசைத் திறந்து லொறிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். அதோடு மேலே இருந்த ஒரு சின்ன வெள்ளைப் பையை எடுத்து, உடுப்புகளுக்கு அடியில் ஆழமாகத் தள்ளிவிட்டுச் சூட்கேசைப் பூட்டினான். பைக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. லோறன்ஸ் அன்றிரவு சாப்பிடவில்லை. பற்றறியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தான்.

அடுத்த நாள் பூசை முடிந்து சனம் வெளியே வர, கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் லோறன்ஸ் வெள்ளைச் சேட்டோடு நின்றான். காலடியில் சிவப்பு லொறி. கையில் றிமோட். பெற்றிசியாவும் வந்திருந்தாள், தனியாகத் தள்ளி நின்றாள். அவன் விசையை அழுத்தினான். மலையாளிப் பெடியன் நல்லதையே தெரிந்து கொடுத்திருந்தான். லொறி அடக்கமாகப் புறப்பட்டு, மணலில் தடம் போட்டுக்கொண்டு வட்டமடித்தது. சனம் கூடிவிட்டது.

"என்ன தம்பி, பிள்ளை பிறக்க முந்தியே பழகிறியளோ?" என்றாள் றோசம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

லோறன்ஸ் விசையை விட்டான். லொறி நின்றது.

"பிள்ளை இல்லை அக்கா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னான், கடைசியில் நிற்கிற ஆளுக்கும் கேட்கும்படி. "பிள்ளை இல்லை. நான் பொய் சொன்னனான். இது எனக்கு விளையாட வாங்கினது. பெற்றிசியா ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லேல்லை."

சிரிப்பு அறுந்துபோயிற்று. றோசம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினாள். அன்ரோனெற் கீழே பார்த்தாள். எவனாவது ஒருவன் ஏசினால் நன்றாயிருக்கும் என்று லோறன்ஸ் நினைத்தான். ஒருவரும் ஏசவில்லை. எல்லாரும் திரும்பிப் பெற்றிசியாவைப் பார்த்தார்கள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஏன் நிக்கிறியள்?" என்றாள் பெற்றிசியா அங்கிருந்தபடியே. "ஓட்டுங்கோ. பற்றறி முடியுமட்டும் ஓட்டுங்கோ."

ஓட்டினான். கண் கலங்கி லொறி மங்கலாகத் தெரிந்தது. ஓடிய லொறி ஒரு கல்லில் ஏறிக் கவிழ்ந்தது. போய் நிமிர்த்திவிட்டு வந்து திரும்ப ஓட்டினான். சனம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. கடைசியில் லொறி வேகம் குறைந்து, திடலின் நடுவில் நின்றுவிட்டது. அவன் போய் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். எப்படித் தூக்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் மாற்றி, ஒரு சில்லில் பிடித்துத் தொங்கவிட்டான்.

பெற்றிசியா அவனோடு சேர்ந்து நடந்தாள். படலையைத் திறக்கும்போதுதான் சொன்னாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே, லொறி ஒண்டுக்கு ஆசை எண்டு. நான் சிரிச்சிருப்பன். அவ்வளவுதான்."