சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கோர்ட்டுக்குப் போன ஒரு கம்ப்யூட்டரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வரவில்லையென்றால் என் பங்கு முறுக்கும் உங்களுக்குத்தான்.

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் கனகலட்சுமி என்றொருத்தி வேலை பார்த்தாள். மகள் காவ்யஸ்ரீ தனியார் பள்ளியில் பத்தாவது. மற்ற பீஸையெல்லாம் கட்டியவள், கம்ப்யூட்டர் பீஸை மட்டும் கட்டவில்லை. சொல்லித் தராத பாடத்துக்கு எதற்குக் காசு என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? பஸ் ஸ்டாப்பில் நின்ற அம்மாமார் காதிலும் போட்டுவைத்தாள். எல்லாரும் இப்படிக் கிளம்பிவிட்டால் என்னாவது என்று பயந்த தாளாளர் முத்துக்கருப்பன் அவள்மேல் வழக்குப் போட்டார்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பிள்ளை பாஸாகிவிட்டது. பீஸ் வந்தால்தான் டி.சி. என்றார் தாளாளர். டி.சி. இல்லாமல் ப்ளஸ் ஒன் எங்கே சேர்வது? சேர்க்கையோ அந்த வாரத்தோடு முடிகிறது.

தல்லாகுளத்துக் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் கனகலட்சுமியே நின்றாள். வாராவாரம் குளுகுளு அறையில் பாடம் நடந்ததாகத் தாளாளர் சொன்னார்.

"ஐயா, அந்தப் பெட்டியை இங்க கொண்டாரச் சொல்லுங்க. எம்புள்ளைக்குப் போடத் தெரிஞ்சா இந்த நிமிசமே பீஸக் கட்டிர்றேன்" என்றாள் அவள்.

நீதிபதி சரியென்றார். தாளாளருக்கும் அதில் ஒரு பெருமை. மறுநாள் ஆட்டோவில், பட்டுத்துண்டு போர்த்தி, மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியது கம்ப்யூட்டர். துண்டை எடுத்தால் திரையில் விபூதிப் பட்டை, சுவிட்சின்மேல் எலுமிச்சை விதை கனத்துக்குச் சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்தது. இப்போது ஆனியே பிறந்துவிட்டது.

ஒயரைச் செருகினார்கள். பிள்ளையையே போடச் சொன்னார் நீதிபதி.

காவ்யஸ்ரீ நாலடி வந்தாள். சட்டென்று திரும்பி ஓடி, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். பெட்டியை விட்டு எட்டியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா நிக்கிற? போடு."

"நாங்க இம்புட்டுதான் சார் படிச்சிருக்கோம்."

கோர்ட்டே குலுங்கியது. பிள்ளைக்குக் கூச்சம் என்று சமாளித்தபடி தாளாளரே போய்ப் பொட்டை நகத்தால் சுரண்டினார். அது காரைபோல இறுகிக் கிடந்தது.

"மெதுவாண்ணே, சாமிக்கு வலிக்கப் போகுது" என்றாள் கனகலட்சுமி.

நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்தார். டி.சி.யை அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்கவும் சொன்னார்.

எல்லாரும் எழுந்து போகையில் காவ்யஸ்ரீ செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். சுரண்டிய சுவிட்சை ஒரு அமுக்கு அமுக்கினாள். பெட்டி கீச்சென்றது, திரையில் வெளிச்சம் வந்தது. நல்ல பெட்டிதான், பாவம், யாரும் தொடவில்லை.

உங்கள் வீட்டில் வாங்கிய பொருளெல்லாம் பிள்ளைகள் கைபட்டுத் தேயட்டும் கண்ணுகளா. கேட்க வேண்டியதைக் கேட்கும் வாயும், கேட்டதும் சிரிக்கும் வாயும் உங்கள் குடும்பத்தில் குறையாமல் இருக்கட்டும்.