பக்கத்து நட்சத்திரத்தின் கோள்

தெருவில் அவளை நட்சத்திர டாக்டர் என்பார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், தான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கப்போய் ஒட்டிக்கொண்ட பெயர். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவது அவள் வேலை. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளியூண்டு மங்கும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் வரைபடங்களில் அந்த மங்கலைத்தான் அவள் துழாவிக்கொண்டிருப்பாள்.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் கைக்கு மட்டும் ஒன்றும் சிக்கவில்லை. அதனால்தான், ஒரு நட்சத்திரம் சீரான இடைவெளியில் மங்குவதைப் பார்த்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மளமளவென்று கட்டுரையை எழுதி முடித்தாள். ஆய்விதழுக்கு அனுப்புமுன் சக ஆராய்ச்சியாளர் ஒருவர் படித்துப் பார்க்கவேண்டும். வந்து வாய்த்தவர் நொட்டையார். எதை நீட்டினாலும் நொட்டை சொல்வார் என்று அலுவலகமே அவருக்கு வைத்திருந்த பெயர் அது.

மறுநாள் அவள் அறைக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“மேடம், மங்குறது உங்க நட்சத்திரம் இல்லைன்னு நினைக்கிறேன். அதை ஒட்டி சின்னதா இன்னொண்ணு இருக்கு. தொலைநோக்கிக்கு ரெண்டும் ஒரே புள்ளியாத்தான் தெரியும்.”

அப்படியென்றால் அது கோளாகவே இல்லாமல் போகலாம். ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்களும் இப்படி ஏமாற்றும். அவள் முகம் கொடுத்துப் பேசாமல் அவரை அனுப்பிவிட்டாள்.

வீட்டில் பொரிந்து தள்ளினாள். கண்ணாடிக்கடை நடத்தும் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அவர் சொன்னது தப்பா இருந்தா நீ சிரிச்சுட்டுப் போயிருப்பே. இவ்ளோ கோவம் வந்திருக்காது” என்றார் கடைசியில்.

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு நொட்டையாரின் அறைக்குப் போனாள். அதற்குள் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில், வெகுகாலம் காத்திருந்து தனக்குக் கிடைத்த நேரத்தை அவள் நட்சத்திரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்.

“அது உங்க நேரமாச்சே சார்?”

“என் நட்சத்திரம் எங்கயும் ஓடிப்போயிடாது. இது என்னன்னு தெரியாம எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது.”

குறித்த நாளில் இங்கே நடுப்பகல், அங்கே இரவு. இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. பெரியது அசையாமல் எரிந்தது. பக்கத்தில் இருந்த சின்னச் சிவப்புதான் மங்கியது. எல்லாம் போச்சு என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

நொட்டையார் சாயவில்லை. ஒவ்வொரு நிறமாகப் பிரித்து அளந்தார். மறைப்பது இன்னொரு நட்சத்திரமென்றால் நிறத்துக்கு நிறம் மங்கல் மாறும், இதில் மாறவில்லை. பிறகு வேறொரு குழு அந்தச் சின்ன நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை அளந்து பார்த்தது. அதை இழுப்பது ஒரு கோளின் எடைதான் என்று சொல்லிவிட்டது. கோள் உண்மை. அவள்தான் வீட்டை மாற்றிச் சொல்லியிருந்தாள். பெரிய நட்சத்திரத்தருகே வெந்து கிடப்பதாக அவள் எழுதியிருந்த கோள், சின்னதன் அருகே இதமான கதகதப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

கட்டுரையைத் திருத்தி எழுதி, முதலில் அவர் பெயரைப் போட்டாள். அவர் அதை அடித்துவிட்டு அவள் பெயரை மேலே ஏற்றினார்.

“முதல்ல பார்த்தது நீங்கதானே மேடம்.”

“நீங்க மட்டும் அன்னைக்கு சும்மா விட்டிருந்தா நான் ஊர் சிரிக்க நின்னிருப்பேன் சார். இந்த நன்றிய எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சும்மா விட எனக்குத் தெரியாதே. வீட்லயும் இதே புகார்தான்.”

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பார்க்காமல் வைத்திருந்த அடுத்த வரைபடத்தை எடுத்து, அவளாகவே அவர் பக்கம் தள்ளினாள்.