மலர்க்கொடி நினைவுக் கோப்பை

சடையப்பன் இரண்டு நிமிடம் பேச வேண்டும். இரண்டே நிமிடம்தான். அதற்காக மனிதருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி மலர்க்கொடி கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்று நாலு வருடம்கூட ஆகவில்லை. மாசி மாதத்தில் ஒரு காலை, சிதம்பரம் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டு நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவளிடம் கோ-கோ பழகிய பெண்கள் சேர்ந்து அவள் பேரில் ஒரு கோப்பை வைத்து, கடலூரில் போட்டி நடத்துகிறார்கள். டீச்சரின் வாழ்க்கையைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்று போனில் கேட்டவள் வினோதினி. அந்தக் காலத்து மாணவி. இப்போது அவளும் ஒரு விளையாட்டு டீச்சர். சடையப்பன் சரி என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில் பஸ் ஏறினார். முப்பத்தோரு வருடம் மலர்க்கொடி போய்வந்த பாதை. வீட்டுக்கு டிபன், மாமியாருக்குக் கஞ்சி, மகளுக்குத் தலைபின்னல் எல்லாம் முடித்துவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடிப்பாள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் கடைசி நாலு வருடமும் அவள்தான் குளிப்பாட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் பழக்கிய பிள்ளைகள் ஆடிய ஒரு போட்டியைக்கூட சடையப்பன் பார்த்ததில்லை. கூப்பிட்டால் ஆபீஸ் என்பார். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கும் ஆபீஸ் என்று சொன்ன மகானுபாவர் அவர்.

புதுச்சத்திரம் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். பிறந்தது குமராட்சி. பணியில் சேர்ந்தது இன்ன தேதி. ஒரே மகள் இளமதி, கனடாவில் என்ஜினியர். ஆயுள் முழுக்க எழுத்தர் வேலை பார்த்தவரின் கையெழுத்தில் அது பென்ஷன் விண்ணப்பம் போல இருந்தது. மலர்க்கொடி அதில் எங்கேயும் இல்லை.

ஆறுகளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தார். கொள்ளிடக்கரையில் பிறந்த கடைமடைக்காரி அவள். நம்மூருக்கு வந்து சேருவதற்குள் ஆறு கிழவியாகிவிடுகிறது, மலையில் போய்க் குமரியாகப் பார்க்க வேண்டும் என்பாள். மே மாதம் பிறந்தால் போதும், ஒகேனக்கல், பாபநாசம், பவானி என்று கிளம்பிவிடுவாள். இடுப்பில் பிள்ளையோடு தண்ணீரில் இறங்குவாள். இளமதி கல்லூரிக்குப் போனதும் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகும் மலர்க்கொடி இறங்கினாள்.

சடையப்பன் இறங்கியதே இல்லை. பாறையில் உட்கார்ந்து செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பார். களவு போக அதில் என்ன இருந்தது? இரண்டு துண்டு, ஒரு சோப்பு டப்பா, பாதி பிஸ்கட் பாக்கெட். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

மைதானத்தில் அவரைப் பார்த்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நரைத்தவர்கள், போலீசில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள். ஆளுக்கொரு மலர்க்கொடியைச் சொன்னார்கள். காயம்பட்ட காலை மடியில் வைத்து மருந்து போட்டவள், கல்யாணத்தை நிறுத்தி மேலே படிக்க வைத்தவள். ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் நடுவில், ஊர் பேர் தெரியாத விருந்தாளி போல நின்றார்.

வினோதினி அவரைப் பந்தலில் உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"ஜூன்ல ஸ்கூல் தெறந்ததும் டீச்சர் எங்கள உக்கார வெச்சி ஆத்துக்கதை சொல்லுவாங்க சார். நீங்க முன்னாடி போயி ஆழம் பாப்பீங்களாம். அப்பறம் ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு அக்கரைக்குப் போவீங்களாம். எங்க வீட்டுக்காரரு இல்லன்னா நான் தண்ணில காலே வெக்க மாட்டன்னு சொல்லுவாங்க."

சடையப்பன் வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். லீவு லெட்டரில்கூடப் பொய்க் காய்ச்சல் எழுதாதவள் மலர்க்கொடி. அவள் இத்தனை வருடம் இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு ஆசைப்பட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆட்டம் தொடங்கிவிட்டது. நடுக்கோட்டில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். துரத்தி ஓடிய ஒருத்தி, குந்தியிருந்தவளின் முதுகில் பின்னாலிருந்து தட்டி "கோ" என்று கத்தினாள். தட்டு வாங்கியவள் பாய்ந்து எழுந்தாள். சடையப்பனின் முதுகு சிலிர்த்தது.

"தட்டுனா என்னாம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

"எழுந்து ஓடணும் சார். தட்டுனவங்க அந்த எடத்துல உக்காந்துக்குவாங்க."

ஒவ்வொரு வருடமும் அவள் தண்ணீரிலிருந்து ஏறி, சத்தமில்லாமல் பின்னால் வந்து, ஈரக் கையால் அவர் முதுகில் தட்டி "கோ" என்பாள். பிள்ளைகளோடு பழகிப் பழகி வந்த கிண்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சும்மா இரு என்பார். அவள் உடனே போய்விட மாட்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். அந்த இடத்துக்காகத்தான் நின்றிருக்கிறாள். நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று நின்றிருக்கிறாள். ஒரு வருடமாவது இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டிருக்கலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றார். காகிதத்தை எடுக்கவில்லை. நான் இறங்கவே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லி அழுதுவிடத்தான் தோன்றியது. சொன்னால் மனப்பாரம் குறையும். ஆனால் மலர்க்கொடி இவர்கள் நடுவில் பொய்க்காரி ஆகிவிடுவாள். அவளுக்கென்று எதையும் செய்யாதவர், இதை ஒன்று செய்யலாம் என்று முடிவெடுத்தார்.

"பவானியில தண்ணி இழுக்கும். அவ எம் முதுவுல தட்டி கோன்னு சொல்லுவா. நான் எழுந்து எறங்குவன். அவ்ளோதாம்மா எங்க வாழ்க்கை."

பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சடையப்பன் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

"டீச்சர் சொன்னதையே நீங்களும் சொன்னீங்க சார்" என்றாள் வினோதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் தலையாட்டினார். அவ்வளவு பேர் இருந்த அந்த மைதானத்தில், அவள் அக்கரைக்குத் தனியாகவே போனாள் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.