தலையாரி முதுகில் பதினெட்டு பெயர்கள்

"சோத்தாங்கை பக்கம் தோளுக்குக் கீழ கிழிஞ்சிக்கீதே, அது என் நெலம்தானேய்யா?" என்று கங்கம்மாள் கத்தினாள். "சட்டைய இழுக்காதம்மே, ரத்தத்துல ஒட்டிக்கினு கீது!" என்று தலையாரி கன்னியப்பன் அவளைவிட உரக்கக் கத்தினார். கிராம ஆபீஸ் நிலக்கணக்கில் யார் பெயரையாவது பிளேடால் சுரண்டினால், கன்னியப்பன் எங்கே இருந்தாலும் அவர் முதுகில் தோல் கிழியும். இருபது வருடம் ஜமாபந்தித் தணிக்கைக்குக் கணக்குக் கட்டுகளைத் தலையில் சுமந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நடந்ததில் பிடித்துக்கொண்டது என்றார்கள்.

பென்னலூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவில் கிடந்த ஆவாரங்கொல்லையில் இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை, வசதி என்றுதான் நினைத்தார்கள். தோள் நஞ்சை, இடுப்பு புஞ்சை. புறம்போக்கு எங்கே என்று ஆண்கள் மட்டும் கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள். காலையில் டீக்கடையில் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பது வழக்கம்.

1991 மாசியில், கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், புரோக்கர் முனிரத்தினம், நிலக்கணக்கு எழுதும் மணியக்காரர் கோதண்டராமனுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். மறுநாள் மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரத்தில், கன்னியப்பன் முதுகு பதினெட்டு இடத்தில் பிளந்தது. பதினெட்டுக் குடும்பமும் தத்தம் வெட்டை அடையாளம் கண்டுகொண்டு கடப்பாரையோடு ஆபீஸுக்குப் போனது. ஸ்கூட்டர் கிணற்றுக்குள் போயிற்று. கோதண்டராமனின் வலது கையை மூன்று இடத்தில் ஒடித்தார்கள். முனிரத்தினத்துக்கு முன்பற்கள் நான்கு. அவ்வளவு ரகளையிலும், துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னால் ஓடிவந்த கன்னியப்பன் கெஞ்சியது ஒன்றுதான்: "டேய், கணக்கை மட்டும் கிழிச்சிடாதீங்கடா!"

கோதண்டராமன் இடது கையால் பழைய பெயர்களை எழுத உட்கார்ந்தார். அந்த இடங்களில் ஏறியிருந்த முனிரத்தினத்தின் பெயரைச் சுரண்டாமல் எழுத முடியாது, சுரண்டினால் அதே புண் இன்னும் ஆழமாகக் கிழியும் என்பது அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் பெயரிலேயே கன்னியப்பன் குப்புற விழுந்தார். ஒரு நாளைக்கு ஒரு பெயர் என்று பேசி முடிவானது. பதினேழு நாள் அவர் துண்டைக் கடித்துக்கொண்டு, "எழுதுங்க" என்றார். தினமும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியது கங்கம்மாள். விதவைக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் ஜன்னல்கள் எல்லாம் கேட்டன.

பதினெட்டாவது பெயர் அவளுடையது. ஒன்றரை ஏக்கர், புருஷன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அந்தப் புண்ணில் எலும்பு தெரிந்தது. இன்னொரு தடவை கிழிந்தால் ஆள் தேறமாட்டான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பிளேடு தாளைத் தொடப்போகையில் கங்கம்மாள் கோதண்டராமனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. என் பேரு அங்க வேணாம்."

"ஒன்ற ஏக்கரு, கங்கம்மா! நஞ்ச!" என்றார் கன்னியப்பன்.

"தெரியும். நீ மூடிக்கினு ஒக்காரு."

கோதண்டராமன் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். முனிரத்தினம் அந்த ஒன்றரை ஏக்கரை விற்றுத் தங்கப்பல் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் பெண் எடுத்தான். ஆவணியில் கங்கம்மாளும் கன்னியப்பனும் மாலை மாற்றிக்கொண்டு தண்டலத்துக்குக் குடிபோனார்கள். அவருடைய ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்த்தபோது அவர் வலது தோளுக்குக் கீழ், அவள் பெயருக்குக் கிழிந்த அதே தழும்பில், ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கங்கம்மாள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, சர்க்கரை வாங்க வரிசையில் போய் நின்றாள்.