இடமே எடுக்காத எழுத்து

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் அக்கா புருஷன் சடகோபன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். பாவா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பாடம் எடுத்தது நான். பயிற்சி புரோகிராம்களைப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்புவது பாவாவின் வேலை.

மணவூரிலிருந்து ரயிலில் வரும் யுவஸ்ரீ மட்டும் அவற்றை வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பாள். ஒன்றும் ஓடாது. தப்பு என்று காட்டும் வரியைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். அதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியாது. அதையே சென்டரில் ஓட்டினால் சமர்த்தாக ஓடும். மூன்று மாதம் இந்தக் கூத்து. ஒருநாள் பொறுமை போய், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"உனக்கு இது வராது யுவஸ்ரீ. வேற எதுனா பாரு."

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

போன வாரம் வீட்டில் பாடம் தயார் செய்யும்போது, பாவா பிள்ளைகளுக்கு அனுப்பிய புரோகிராம் ஒன்றையே திறந்து ஓட்டினேன். தப்பு என்றது. அந்த வரியை அழித்து, அப்படியே திரும்ப அடித்தேன். ஓடியது. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். வரியின் நடுவில், திரையில் இடமே எடுக்காத ஓர் எழுத்து. நம் கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். எங்கிருந்தோ காப்பி அடித்ததில் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அனுப்பிய பன்னிரண்டு புரோகிராமிலும் அது இருந்தது. சென்டரில் இருந்த பிரதிகளில் ஒன்றில்கூட இல்லை.

கேட்டேன். பாவா டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வூட்லயே எல்லாம் ஓடிச்சினா இங்க யாரும்மா வருவாங்க? சுத்திகினு இருக்கட்டும், அப்பால நம்மகிட்டதான் வரணும்."

அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்த மனுஷன். அவர் அனுப்பியதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணின் மூளையைத்தான் சந்தேகப்பட்டேன். என்னை வைத்தே இதைச் செய்திருக்கிறார். அன்றோடு சென்டருக்கு முழுக்குப் போட்டேன்.

அவளைத் தேடிப் போனேன். மணவூர் ஸ்டேஷன் எதிரே யுவஸ்ரீ கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, இனி என் வீட்டிலேயே சொல்லித்தருகிறேன், வா என்று கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு உங்க பாவாதான மிஸ்?"

"ஆங்."

"மூணு மாசமா உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். சத்தியம்கூடச் செய்தேன். வேன் வந்ததும் ஏறிக்கொண்டாள்.